ஸ்டம்புக்குப் பின்னால் – 9: ஒரே ஒரு காலியிடம்

போன வாரம் பரத் ரெட்டியை லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் நிறுத்திவிட்டு வந்தோம். 1979. இலக்கு 438, கவாஸ்கர் 221, இந்தியா 8 விக்கெட்டுக்கு 429, ஆட்டம் டிரா. கேப்டன் நம்ம வெங்கட்ராகவன். கடைசிப் பந்து முடிந்தபோது களத்தில் நின்ற இருவரில் பரத் ரெட்டி ஒருவர். 25 வயதுகூட நிரம்பவில்லை. ஊர் திரும்பியதும் அடுத்த தொடரில் கிர்மானி உள்ளே வந்தார். பரத் ரெட்டியின் டெஸ்ட் கணக்கு நான்கோடு முடிந்தது.

அதற்கப்புறம் தமிழ்நாட்டுக் கீப்பர் ஒருவர் இந்திய டெஸ்ட் அணிக்காக கிளவுஸ் மாட்ட 25 வருஷம் பிடித்தது. நடுவில் கிரண் மோரே வந்தார், நயன் மோங்கியா வந்தார், எம்.எஸ்.கே. பிரசாத், தீப் தாஸ்குப்தா, அஜய் ராத்ரா, பார்த்திவ் படேல் என்று வரிசையாக வந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவரும் இல்லை. வந்தவர் தினேஷ் கார்த்திக். 2004-ல் வந்தவர் 2024 வரைக்கும் எங்கேயோ ஓர் அணியில் இருந்துகொண்டே இருந்தார். இந்த வாரம் அவர் கதை.

இந்தத் தொடரைத் தாம்பரம், வண்டலூர் பக்கத்து வாசகர்கள் படிப்பதால் நம்மூர் மைதானத்திலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்சில் ஆள் குறைந்தால் என்ன செய்வோம்? ஒருத்தனை 'காமன்' ஆக்கிவிடுவோம். அவன் இரண்டு பக்கமும் கீப்பிங் நிற்பான், இரண்டு பக்கமும் கடைசியில் பேட்டிங் பிடிப்பான், ஜெயித்தது யார் என்று அவனுக்கு அக்கறை இருக்காது. கார்த்திக்கின் ஐ.பி.எல். வாழ்க்கையைத் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காமன் பையன் ஞாபகம் வரும். டெல்லி, பஞ்சாப், மும்பை, மறுபடி டெல்லி, பெங்களூர், குஜராத், கொல்கத்தா, மறுபடி பெங்களூர். ஆனால் இவருக்கு அக்கறை இருந்தது. அதுதான் கதையே.

1985 ஜூன் 1-ல் சென்னையில் பிறந்தார். சின்ன வயதில் கொஞ்ச காலம் குவைத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம். அப்பா சென்னை முதல் டிவிஷன் லீக்கில் ஆடியவர். படிப்புதான் முக்கியம் என்று வீட்டில் அழுத்தியதால் அவரது கிரிக்கெட் பாதியில் நின்றது. அந்த ஆதங்கத்தில் மகனுக்கு எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பினார். தோல் பந்தை எடுத்து வேகமாக மகன்மீது எறிவார். பையன் பிடிக்க வேண்டும். கீப்பருக்கு வேண்டிய அனிச்சை அந்த வயதிலேயே கையில் ஏறிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை நெடுக பொறியியல் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கும் நம் பக்கத்தில் இப்படி ஓர் அப்பாவைக் கண்டுபிடிப்பது சிரமம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில், மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை அரசு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போகிற பஸ்களில் பாதிப் பேர் கையில் இன்ஜினியரிங் புத்தகம்தான்.

2002 கடைசியில், 17 வயதில், பரோடாவுக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த சீசன் முடிவதற்குள் நீக்கிவிட்டார்கள். காரணம் பேட்டிங் அல்ல, கீப்பிங். பந்தை விடுகிறார் என்றார்கள். கிரண் மோரேயிடம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த சீசனில் இரண்டு சதம், பிறகு 2004-ல் வங்கதேசத்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. அதே வருஷம் செப்டம்பர் 5, லார்ட்ஸ். இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி.

அந்த லார்ட்ஸ் ஆட்டத்தில் பேட்டிங்கில் அடித்தது ஒரு ரன். ஆனால் இந்தியா எடுத்த 204-ஐ இங்கிலாந்து துரத்திக்கொண்டிருந்தபோது கேப்டன் மைக்கேல் வான் நன்றாகச் செட்டாகி நின்றுகொண்டிருந்தார். ஹர்பஜன் வீசிய பந்து லெக் சைடுக்குப் போகிறது. கீப்பிங்கில் இதைவிடக் கஷ்டமான பந்து கிடையாது. வலதுகைக்காரர் ஆடும்போது லெக் சைடு என்றால் கீப்பருக்கு இடதுபக்கம். பேட்ஸ்மேனின் உடம்பு பந்தை முழுசாக மறைத்துவிடும். எங்கே விழுந்தது, எவ்வளவு எழும்பியது என்று தெரியாது. அனுமானத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும். வான் இறங்கி வந்தார், பந்து மட்டையைத் தாண்டியது. கார்த்திக் எடுத்த வேகத்திலேயே ஸ்டம்பை நோக்கி உடம்பை வீசினார். கிளவுஸ் ஸ்டம்பைத் தட்டியபோது அவர் காற்றில் இருந்தார். வான் 74-ல் போனார், இந்தியா 23 ரன்னில் ஜெயித்தது. 19 வயதுப் பையன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே பையனைத்தான் பந்தை விடுகிறான் என்று மாநில அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அந்த ஆட்டத்தின் ஆடுகளம் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். முதல் இன்னிங்ஸில் இந்தியா 104, கடைசி இன்னிங்ஸில் 107 எடுக்க வேண்டிய ஆஸ்திரேலியா 93. பகுதிநேரப் பந்துவீச்சாளர் மைக்கேல் கிளார்க் 9 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்த ஆட்டம். கார்த்திக் 10, 4. யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் குழியில் கும்ளேவுக்கும் ஹர்பஜனுக்கும் முரளி கார்த்திக்குக்கும் ஸ்டம்பை ஒட்டி நின்றதே பெரிய காரியம்.

இனி நம் கதைக்குள் இன்னொருவர் வருகிறார். 2004 டிசம்பர் 23, சிட்டகாங். ராஞ்சியிலிருந்து வந்த நீளமுடிக்காரர், முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் ரன் அவுட். அன்றைக்கு யாராவது கார்த்திக்கிடம் கவலைப்படாதே என்று சொல்லியிருந்தால் நியாயம்தான். 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அதே ஆள் 148. அக்டோபரில் ஜெய்ப்பூரில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 183. கார்த்திக் சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் மார்ச்சில் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் டிராவிடோடு சேர்ந்து நின்று 93 அடித்தார். ஆனால் 10 டெஸ்டில் அது ஒன்றுதான் அரைசதம்.

2005 டிசம்பர் 2. சென்னை சேப்பாக்கம். புறநகர் ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த அந்த மழைக்காலம் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. இலங்கைக்கு எதிரான அந்த டெஸ்டையும் மழைதான் பெரும்பாலும் ஆடியது. தோனிக்கு அது முதல் டெஸ்ட். கார்த்திக்கின் இடத்தில், கார்த்திக்கின் ஊரில்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் பார்ப்போம். பதினோரு பேரில் பேட்டிங்குக்கு ஐந்தாறு இடம், பந்துவீச்சுக்கு நான்கைந்து இடம். கீப்பருக்கு ஒன்று. ஒருவர் நன்றாக ஆடினால் அடுத்தவருக்குப் பத்து வருஷம் வேலை இல்லை. நான்காவது வேகப்பந்து வீச்சாளருக்காவது யாருக்காவது காயம் பட்டால் வாய்ப்பு வரும். கீப்பருக்கு அதுவும் அபூர்வம், விரல் உடைந்தாலும் டேப் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதில் கேட்சர் என்பவர் நம் கீப்பருக்குச் சித்தப்பா மகன். முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தே வேலை. பெரிய லீக்கில் ஒரு சீசனுக்கு ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம். ஒரே ஆள் தினமும் குந்தினால் முழங்கால் போய்விடும் என்று ஒவ்வோர் அணியும் பொதுவாக இரண்டு கேட்சர் வைத்துக்கொள்கிறது. 30 அணி, 60 வேலை. அதனால் அங்கே மாற்று கேட்சராகவே ஊர் ஊராகப் போய் ஒரு வாழ்நாளை ஓட்டலாம். மோ பெர்க் என்று ஒருவர், 1923 முதல் 1939 வரை ஐந்து அணிகளுக்கு ஆடினார், மொத்தம் 663 ஆட்டம்தான். பிரின்ஸ்டனில் படித்தவர், சட்டமும் படித்தவர், பல மொழி தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் உளவாளி ஆகி, 1944-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹைசன்பர்க்கின் பேச்சைக் கேட்க ஜூரிக் வரை போனார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கேட்சர்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கும் போலிருக்கிறது.

பரத் ரெட்டி காலத்தில் இந்தியக் கீப்பருக்கு அந்த வசதி இல்லை. இந்திய அணி, இல்லையென்றால் ரஞ்சி. நடுவில் ஒன்றுமில்லை. கார்த்திக்குக்கும் 2005-ல் நிலைமை அதேதான். ஆனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கீப்பர் இடம் இல்லை என்றால் வேறு இடம் கொடுங்கள் என்றார்.

2006 டிசம்பர் 1, ஜோஹன்னஸ்பர்க். இந்தியாவின் முதல் டி20 சர்வதேசப் போட்டி. கீப்பர் தோனி. கார்த்திக் வெறும் பேட்ஸ்மேனாக இறங்கி 28 பந்தில் 31 அடித்து ஆட்டநாயகன் ஆனார். ஒரு மாதம் கழித்து கேப்டவுன் டெஸ்டில் தோனிக்குக் காயம். கீப்பிங்கும் செய்து, வாசிம் ஜாபருடன் தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கி 63 அடித்தார். 2007 மே மாதம் மிர்பூரில் 129. இந்தியாவின் முதல் நான்கு பேட்ஸ்மேன்களும் சதம் அடித்த ஆட்டம் அது. கார்த்திக்கின் ஒரே டெஸ்ட் சதமும் அதுதான்.

பிறகு இங்கிலாந்து. 2007 கோடை. என்னைக் கேட்டால் கார்த்திக்கின் வாழ்க்கையில் மிகவும் குறைவாகப் பேசப்பட்ட சாதனை இது. டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண் எல்லாரும் ஆடிய தொடர். அதில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தவர் தினேஷ் கார்த்திக், 263. லார்ட்ஸில் 60, டிரென்ட்பிரிட்ஜில் 77, ஓவலில் 91. டிரென்ட்பிரிட்ஜில் ஜாபரோடு முதல் விக்கெட்டுக்கு 147. இங்கிலாந்தில் பந்து காலையில் ஆடுகிற ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு தொடக்க ஜோடி அவ்வளவு நேரம் நின்றதால்தான் பின்னால் வந்தவர்கள் நிம்மதியாக ஆட முடிந்தது. அந்த டெஸ்டை இந்தியா வென்றது, தொடர் 1–0. இங்கிலாந்தில் 1986-க்குப் பிறகு முதல் தொடர் வெற்றி. கோப்பையோடு எடுத்த படங்களில் எல்லாரும் இருக்கிறார்கள். 'அந்தத் தொடரின் ஹீரோ யார்' என்று கேட்டால் ஜாகீர் கான் என்பார்கள். அதுவும் சரிதான். இரண்டாவது பெயர் யார் வாயிலும் வராது.

அதே செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் டி20 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக கிரேம் ஸ்மித்தை ஸ்லிப்பில் பாய்ந்து பிடித்த கேட்ச் இன்றைக்கும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. பேட்டிங்கில் அந்த ஆட்டத்தில் பூஜ்யம். இறுதியாட்டத்தில் இடமில்லை.

"தோனி இல்லையென்றால் கார்த்திக் நூறு டெஸ்ட் ஆடியிருப்பார்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்காக ஒரு தகவல். 2008-ல் இலங்கைத் தொடருக்குத் தோனி ஓய்வு கேட்டு விலகினார். இடம் காலி. கார்த்திக்தான் கீப்பர். முரளிதரனும் புதிதாக வந்த அஜந்தா மெண்டிஸும் போட்டுப் படுத்திய தொடர் அது. கார்த்திக்குக்கு ரன் வரவில்லை. மூன்றாவது டெஸ்டில் அவரை எடுத்துவிட்டு பார்த்திவ் படேலைப் போட்டார்கள். தோனி ஊரிலேயே இல்லாதபோதும் இடம் போனது என்பதை மறந்துவிடக் கூடாது. வாய்ப்பு வந்த இடங்களில் சிலவற்றை அவர் விட்டார். அதை அவரும் மறுத்ததில்லை. 2010 ஜனவரியில் வங்கதேசத்தில் ஆடியதோடு டெஸ்ட் கதவு மூடிக்கொண்டது.

இனி ஏலம். 2008 பிப்ரவரி 20. முதல் ஐ.பி.எல். ஏலம் நடந்தபோது இந்திய அணி ஆஸ்திரேலியாவில் இருந்தது. கார்த்திக் தமிழ்நாட்டிலிருந்து அப்போது இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். சென்னை அணி தன்னைத்தான் எடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். சென்னை முதலில் எடுத்த பெயர் தோனி, 15 லட்சம் டாலர். கார்த்திக் டெல்லிக்குப் போனார். அதன்பிறகு 17 சீசன். மஞ்சள் சட்டையை ஒரு நாளும் போடவில்லை. சேப்பாக்கத்தில் அவர் விருந்தாளி அணியின் டிரெஸ்ஸிங் ரூமில்தான் உட்கார்ந்தார். இந்திய அணியில் ஒரு காலியிடத்தைப் பிடித்துக்கொண்டவர், ஊர் அணியிலும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஆனால் அந்த ஏலம்தான் கார்த்திக்கை வாழவைத்தது. ஐ.பி.எல்லில் ஓர் அணியில் வெளிநாட்டுக்காரர் நான்கு பேர்தான் ஆடலாம். அந்த நான்கில் ஒன்றைக் கீப்பருக்குச் செலவழிக்க யாருக்கும் லேசில் மனசு வராது. பேட்டிங் தெரிந்த இந்தியக் கீப்பர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுதான். ஒரே ஒரு காலியிடம் எட்டாகி, பிறகு பத்தாகியது. அதனால்தான் இந்திய அணியில் பெஞ்சில்கூட இடமில்லாத ஒருவருக்கு 2014-ல் டெல்லி 12.5 கோடி கொடுத்தது. அடுத்த வருஷம் பெங்களூர் 10.5 கோடி. அதற்கடுத்த வருஷம் குஜராத் லயன்ஸ் 2.3 கோடி. விலை ஏறியதும் இறங்கியதும் அவர் ஆட்டத்தைப் பொறுத்து மட்டும் இல்லை, அந்த வருஷம் ஏலத்தில் எத்தனை கீப்பர் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தும்தான். 2013-ல் மும்பையோடு கோப்பை வென்றார், அந்த சீசனில் 510 ரன். அடுத்த வருஷம் மும்பையில் இல்லை. பெட்டியைக் கட்டுகிற வேலை.

அணி மாறுகிற கீப்பருக்கு ஒரு கூடுதல் பாரம் உண்டு. பேட்ஸ்மேன் தன் மட்டையை எடுத்துக்கொண்டு எந்த அணிக்குப் போனாலும் அவன் ஆட்டம் அதேதான். கீப்பர் புதுப் பந்துவீச்சாளர்களைப் படிக்க வேண்டும். இந்தச் சுழற்பந்து வீச்சாளரின் கூக்லி மணிக்கட்டில் எப்படித் தெரியும், அந்த வேகப்பந்து வீச்சாளர் யார்க்கருக்கு முன் என்ன சைகை காட்டுவார், எந்தக் கேப்டன் ரிவியூ கேட்கும்போது கீப்பரைப் பார்ப்பார், எவர் பார்க்க மாட்டார். ஒவ்வோர் ஏப்ரலிலும் முதலிலிருந்து. கொல்கத்தாவில் சுனில் நரைனுக்கு நின்றவர், பெங்களூரில் ஹசரங்காவுக்கு நின்றார். இது ஸ்கோர் கார்டில் வராது.

ஏப்ரல், மே போக மீதி மாதங்களில் அவர் தமிழ்நாட்டு ஆள். இதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை. 2016–17 விஜய் ஹசாரே கோப்பையில் 607 ரன், எல்லா அணிகளிலும் சேர்த்து அவர்தான் அதிகம். டெல்லியில் நடந்த இறுதியாட்டத்தில் வங்காளத்துக்கு எதிராக 112, தமிழ்நாட்டுக்குக் கோப்பை. 2019 டிசம்பர் 1-ல் சூரத்தில் சையத் முஷ்டாக் அலி இறுதியாட்டத்தில் கர்நாடகாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோல்வி. அடுத்த சீசன் இறுதியாட்டம் 2021 ஜனவரி 31, அகமதாபாத், பரோடாவை வீழ்த்திக் கோப்பை. கேப்டன் கார்த்திக். முதல்தர ஆட்டங்களில் 28 சதம், 9,620 ரன். வெறும் ஐ.பி.எல். ஆட்டக்காரர் என்று சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதில்லை.

2018 மார்ச் 18, கொழும்பு. நிதாஹஸ் கோப்பை இறுதியாட்டம், வங்கதேசத்துக்கு எதிராக. இலக்கு 167. கார்த்திக்கைக் கீழே இறக்கிவிட்டு விஜய் சங்கரை முன்னால் அனுப்பியிருந்தார் ரோஹித் சர்மா. கார்த்திக்குக்கு அதில் வருத்தம் என்று ரோஹித்தே பிறகு சொன்னார். 18-வது ஓவரில் முஸ்தஃபிசுர் ஒரே ஒரு ரன்தான் விட்டார், அதுவும் லெக் பை. ஓவரின் கடைசிப் பந்தில் மணீஷ் பாண்டே அவுட். 12 பந்தில் 34 வேண்டும். கார்த்திக் உள்ளே வருகிறார். ரூபெல் ஹொசைனின் முதல் பந்து சிக்ஸ். அடுத்து நான்கு. அடுத்து மறுபடி சிக்ஸ். ஒரு பந்து காலி, பிறகு இரண்டு, பிறகு நான்கு. அந்த ஓவரில் 22. கடைசி ஓவரில் 12. சௌம்யா சர்க்கார் வீசுகிறார். ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் தூக்கி அடித்து அவுட். ஆனால் பந்து மேலே இருக்கும்போதே இருவரும் குறுக்கே ஓடிக் கடந்துவிட்டார்கள். அப்போதைய விதிப்படி ஸ்ட்ரைக் கார்த்திக்குக்கு வந்தது. இன்றைய விதியில் புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். அந்த இறுதியாட்டம் ஐந்து வருஷம் கழித்து நடந்திருந்தால் இந்தப் பத்தியே இருந்திருக்காது. ஒரு பந்தில் 5 வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தை எக்ஸ்ட்ரா கவர் மேலாக அடித்தார். பந்து மேலே எழும்பவே இல்லை, தட்டையாகப் போய்க் கயிற்றைத் தாண்டி விழுந்தது. 8 பந்தில் 29. ரோஹித் அதைப் பார்க்கவில்லை. சூப்பர் ஓவர் வரும் என்று பேடு கட்ட உள்ளே போயிருந்தார்.

அந்த ஒரு அடிதான் நாட்டுக்கு ஞாபகம். அதே வருஷம் டெஸ்ட் கீப்பர் சாஹாவுக்குக் காயம் பட்டதால் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் கார்த்திக் மறுபடி கிளவுஸ் மாட்டினார். அவருடைய இரண்டு டெஸ்டுகளுக்கு நடுவில் இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது. எட்டு வருஷத்துக்கும் மேல். அடுத்து இங்கிலாந்து, நான்கு இன்னிங்ஸில் 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்டில் ரிஷப் பந்த் வந்தார். 2007-ல் அவர் 77 அடித்த அதே டிரென்ட்பிரிட்ஜில். 26 டெஸ்ட், 1,025 ரன், சராசரி 25. அங்கே முற்றுப்புள்ளி.

2007 உலகக் கோப்பைக்குப் போய் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியவர், ஒருநாள் உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியது 2019-ல். 12 வருஷம். அந்தக் கோப்பையின் அரையிறுதி மான்செஸ்டரில், நியூசிலாந்துக்கு எதிராக. ரோஹித், கோலி, ராகுல் ஆளுக்கு ஒரு ரன்னில் போயிருந்தார்கள். தோனிக்கு முன்னால் கார்த்திக் இறக்கப்பட்டார். 25 பந்தில் 6. பாயின்ட்டில் நீஷம் ஒரு கையில் பிடித்தார். பின்னால் தோனி 50 அடித்து ரன் அவுட் ஆனார். இருவருக்கும் அதுவே கடைசி ஒருநாள் ஆட்டம். அன்றைய பதினோரு பேரில் பந்த்தும் இருந்தார், ராகுலும் இருந்தார். ஒரே ஒரு காலியிடத்துக்காக இத்தனை வருஷம் போராடிய ஒருவரின் கடைசி ஒருநாள் போட்டியில், அணியில் நான்கு கீப்பர்கள்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 2021-ல் இங்கிலாந்தில் டெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்துக்கு மைக் பிடித்து வர்ணனை செய்யப் போனார், நன்றாகவும் செய்தார். மைக் பிடித்தவர்கள் பொதுவாக மட்டையைத் திரும்பத் தொடுவதில்லை. இவர் தொட்டார். மும்பையில் அபிஷேக் நாயரோடு சேர்ந்து கடைசி நான்கு ஓவருக்கென்றே தன் ஆட்டத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். ஸ்டம்பை விட்டு நகர்ந்து நிற்பது, பந்துவீச்சாளர் ஓடிவருவதற்கு முன்பே அவர் எங்கே போடுவார் என்று தீர்மானித்துக்கொள்வது, ஸ்கூப், ரிவர்ஸ். 2022-ல் பெங்களூருக்காக 330 ரன், நூறு பந்துக்கு 183 என்ற வேகத்தில். வயது 37-ஐத் தொடும்போது இந்திய டி20 அணிக்குத் திரும்பினார். ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55. சர்வதேச டி20-யில் அவரது முதல் அரைசதம், முதல் ஆட்டம் ஆடி 15 வருஷத்துக்கு மேல் ஆனபிறகு. 2022 நவம்பர் 2, அடிலெய்டில் வங்கதேசத்துக்கு எதிராக ஆடியது கடைசி. 2006-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கிய அந்த முதல் டி20 அணியில் அன்றைக்கு இந்தியச் சட்டையில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

2024 ஏப்ரல் 15-ல் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஐதராபாத்துக்கு எதிராக 35 பந்தில் 83 அடித்தபோது வயது 38. மே மாதம் அகமதாபாத்தில் கடைசி ஐ.பி.எல். ஆட்டம். ஜூன் 1, பிறந்தநாளன்று ஓய்வை அறிவித்தார். 257 ஐ.பி.எல். ஆட்டம், 4,842 ரன். ஐ.பி.எல்லில் கீப்பராக அதிகப் பேரை வெளியேற்றியவர்கள் பட்டியலில் அவருக்கு மேலே அன்றைக்கு ஒரே ஒரு பெயர். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரத் ரெட்டி நான்கு டெஸ்டோடு நின்றதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இரண்டாவது கதவே கிடையாது. கார்த்திக்கின் விஷயத்தில் அப்படி அனுதாபப்பட்டுப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அவருக்கு வாய்ப்புகள் வந்தன, சிலவற்றை விட்டார், விட்டதற்கப்புறம் தன் ஆட்டத்தையே மூன்று தடவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கீப்பர், டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரர், கடைசி ஓவர் அடிதடிக்காரர். இந்த மூன்று வேலையையும் இந்தியாவுக்காக உருப்படியாகச் செய்து காட்டிய வேறு ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். தமிழ்நாடு இதுவரை பார்த்த கீப்பர்களில் முதலிடம் அவருக்குத்தான் என்பது என் தீர்ப்பு. 2007 இங்கிலாந்துத் தொடர் ஒன்றே அதற்குப் போதும்.

அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போகிறோம். 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 277 அடித்த நாராயண் ஜெகதீசன்.

(தொடரும்)